நாற்றம் வாங்கும் மண்

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டின் ரேழி மண்தரையாகவும் கூடம் மாத்திரம் சிமெண்டுத் தரையாகவும் இருந்தன. ஐப்பசி மாதத்து அடைமழையில் ஒரு நாள் இரவு, ஒதுங்க வேறு இடமின்றி உள்ளே புகுந்த கடுவன் பூனையொன்று, ரேழியின் மூலையிலும், கூடத்தில் சுருட்டி வைத்திருந்த இலவம்பஞ்சு மெத்தையின் மேலும் சிறுநீர் கழித்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள் காலையில் பாட்டி செய்த காரியம் இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது. ரேழி மூலையில் ஈரம் ஊறிய இடத்தை ஒரு கொட்டாங்கச்சியின் விளிம்பினால் இரண்டு விரற்கடை ஆழத்துக்குச் சுரண்டி, முறத்தில் வாரிக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினாள். அடுப்புச் சாம்பலை அந்தப் பள்ளத்தில் தூவி, வாய்க்கால் கரையிலிருந்து கொண்டுவந்த களிமண்ணைப் பிசைந்து அடைத்து, அதன்மேல் சாணமிட்டு மெழுகினாள். உச்சிவேளைக்குள் அந்த மூலையில் ஏதும் நடந்த அடையாளமே இல்லாமல் போயிற்று. மெத்தையின் கதை அப்படி முடியவில்லை. சீயக்காய் நீர் தெளித்துத் துடைத்தாள். சாம்பிராணிப் புகை காட்டினாள். மழை விட்டதும் மூன்று நாள் வெயிலில் கிடத்தினாள். வெயிலில் நாற்றம் அடங்கிவிட்டது போலிருந்தது. மறுபடியும் வானம் மூடிக் காற்றில் ஈரம் ஏறியதும், முதல் நாள் எப்படியோ அப்படியே திரும்பி வந்தது. கடைசியில் மெத்தையைப் பிரித்துப் பஞ்சைத் தென்னை மரத்தடியில் கொட்ட வேண்டியதாயிற்று.

மண்ணில் விழுந்தது மறைந்ததும், பஞ்சில் விழுந்தது நிலைத்ததும் ஏன் என்னும் கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்க தேசத்தில் பூனை வளர்ப்போர் பயன்படுத்தும் மண் மூட்டைகளின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோதுதான், பாட்டியின் கொட்டாங்கச்சி செய்த வேலைக்கும் ரோமாபுரியின் வண்ணார் செய்த வேலைக்கும் இடையே ஒரு நீண்ட நூல் ஓடுவது எனக்குப் புலப்பட்டது. வீட்டைத் துர்க்கந்தத்திலிருந்து காப்பாற்ற மனிதன் கைக்கொண்ட உபாயங்களை மூன்று வகையாகப் பார்க்கலாம்: வாசனையால் மூடுவது ஒன்று, மண்ணால் வாங்கிக்கொள்வது ஒன்று, அந்த நாற்றத்துக்குக் காரணமான பொருளையே பிளந்து அழிப்பது ஒன்று. முதலாவது எங்கும் தோற்றது. மூன்றாவது நேற்று வந்தது. நடுவில் நின்ற மண்ணே இரண்டாயிரம் ஆண்டுகள் பாரத்தைச் சுமந்தது.

நாற்றம் என்னும் சொல்லே நம் மொழியில் ஒரு காலத்தில் நறுமணத்துக்கும் பெயராக இருந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். மூக்குக்கு எட்டுவது யாதாயினும் அது நாற்றமே. பின்னாளில்தான் அச்சொல் இழிந்த பொருளில் ஒடுங்கிற்று. பூனை இனத்தை ஒத்த பிராணிகளின் விஷயத்தில் இந்த இரு பொருளும் அருகருகே நிற்கின்றன. புனுகுப் பூனையின் வாலடிச் சுரப்பியிலிருந்து எடுக்கும் புனுகைத் திருமலையில் வேங்கடேசப் பெருமாளின் திருமேனிக்கு வெள்ளிக்கிழமைத் திருமஞ்சனத்துக்குப் பின் சாத்துகிறார்கள். பெயரில் பூனையாயினும் அது வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் ஒன்றின் கசிவு தெய்வத்துக்கு உகந்த பரிமளமாகவும், மற்றொன்றின் கசிவு வீட்டார் வாசலைத் திறந்துவைத்து விரட்டும் துர்க்கந்தமாகவும் ஆனதற்கு உண்டான காரணம், அந்த இரண்டு வஸ்துக்களின் ரசாயனத்தில்தான் இருக்கிறது.

வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப் பூனை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனோடு அருகருகே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புக்கூட்டை அகழ்வாராய்ச்சியாளர் கண்டெடுத்திருக்கிறார்கள். தண்ணீர் அரிதான பாலை நிலத்தில் பிறந்த ஜாதியாகையால், உடம்பிலுள்ள நீரைச் சொட்டும் வீணாக்காமல், மிகக் கெட்டியான சிறுநீரைக் கழிப்பது அதன் இயல்பு. தோண்டத் தோண்ட இளகும் மணலில் குழி பறித்துக் கழித்துவிட்டு, முன்னங்காலால் மண்ணை இழுத்து மூடுவதும் அதன் இயல்பே. பூனை மண்ணைத் தேடுவது பழக்கிவைத்த பழக்கமன்று, பிறவியிலேயே வந்தது. மண்ணுக்குப் பதிலாக நாம் கம்பளத்தையும் மெத்தையையும் பரப்பிய பின்னர்தான் இந்தச் சங்கடமெல்லாம் தோன்றிற்று.

இனி ரோமாபுரிக்குப் போவோம். வெசூவியஸ் எரிமலை கி.பி. 79-இல் மூடிவிட்ட பாம்பெய் நகரத்தைத் தோண்டியபோது, வெளிவந்த கட்டடங்களுள் வண்ணாரின் தொழிற்சாலைகளும் இருந்தன. ஸ்டெபானஸ் என்பவனுடையது என்று அறிஞர் பெயரிட்டுள்ள தொழிற்சாலை அவற்றுள் பேர்பெற்றது. அங்கே தொட்டிகளில் துணிகளை இட்டு, தெருவோரத்து ஜாடிகளில் சேகரித்துப் புளிக்கவைத்த சிறுநீரைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, ஆட்கள் அதற்குள் நின்று மிதித்தார்கள். இந்த மிதிக்கு அந்நாளில் இருந்த பிரசித்தி எவ்வளவென்றால், செனெக்கா என்னும் தத்துவஞானி தம் கடிதமொன்றில் தேகப்பயிற்சி வகைகளை எண்ணும்போது வண்ணார் குதியையும் ஒரு பயிற்சியாகச் சேர்த்திருக்கிறார். சிறுநீர் புளித்தால் அதிலிருந்து அம்மோனியா கிளம்பும். சுண்ணாம்பையும் நவச்சாரத்தையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் மூக்கைத் துளைக்கும் நெடி அதுவே. அது எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். ஆகவே, இன்று நாம் எதைத் தரையிலிருந்து நீக்கப் படாத பாடு படுகிறோமோ, அந்த வஸ்துவே அன்று கறை நீக்கும் சாதனமாயிருந்தது.

ஆனால் கழுவிய பின் துணியில் அந்த நெடி தங்கினால் எந்தப் பிரபு அதை உடுத்துவான்? அதற்குத்தான் மண் வந்தது. சார்டினியாவின் மண், உம்பிரியாவின் மண், கிமோலஸ் தீவின் வெள்ளை மண் என்று வண்ணார் பயன்படுத்திய மண் வகைகளையெல்லாம் மூத்த பிளினி தமது கலைக்களஞ்சியமான இயற்கை வரலாற்றில் விவரித்திருக்கிறார். எதை முதலில் இடுவது, எதைக் கடைசியில் இடுவது என்பதற்குச் சட்டமே இருந்தது என்றும் எழுதுகிறார். அந்த மண் துணியின் இழைகளுக்குள் புகுந்து, பிசுக்கையும் வாடையையும் தன்னுள் வாங்கிக்கொண்டு, அலசும்போது தானும் போய்விடும். பிளினி தமது நூலைச் சமர்ப்பித்தது டைட்டஸ் என்னும் ராஜகுமாரனுக்கு. அந்த டைட்டஸின் தந்தையான வெஸ்பாசியன் சக்கரவர்த்தியே, வண்ணாரும் தோல் பதனிடுவோரும் வாங்கிய சிறுநீருக்கு வரி விதித்தவர். மகன் முகம் சுளித்தபோது, தகப்பன் ஒரு நாணயத்தை அவன் மூக்கருகே பிடித்து, இதில் வாடை வீசுகிறதா என்று கேட்டதாக வரலாறு. வெஸ்பாசியனும் பிளினியும் பாம்பெய் நகரமும் அந்த 79-ஆம் ஆண்டிலேயே மறைந்தார்கள். அதே பாம்பெய் நகரத்துப் பெரிய மாளிகையொன்றின் தரையில், பறவையைக் கவ்வும் பூனையின் உருவம் சிறு சிறு கற்களால் பதிக்கப்பட்டிருந்தது. இப்போது அது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல் பதித்த தரையில் உலவிய அந்தப் பூனைகள் கழித்துவிட்டுப் போனதை எதனால் துடைத்தார்கள் என்று எந்த ஆசிரியரும் எழுதி வைக்கவில்லை. வீட்டு வேலைக்காரரின் காரியம் அதிகமாக ஏட்டில் ஏறுவதில்லை.

நம் நாட்டிலும் வண்ணாருக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு பழையது. புறநானூற்றில் ஔவையார் பாடிய 311-ஆம் பாட்டு, களர் நிலத்தில் தோண்டிய கிணற்றில் நாள்தோறும் புலைத்தி வெளுத்த வெள்ளை ஆடையைக் குறிப்பிடுகிறது. கிணற்றைக் களர் நிலத்தில் தோண்டியது காரணத்தோடுதான். அந்த உவரே அழுக்கை அறுக்கும். பிற்காலத்தில் உவர்மண்ணைக் கரைத்துத் துணியைத் தோய்த்து வெள்ளாவி வைத்த முறையும் அதன் வழி வந்ததே. எனினும் ஒரு பேதத்தைச் சொல்லாமல் விடலாகாது. நம்முடைய உவர்மண்ணில் இருப்பது சோடா உப்பு. அது அழுக்கைக் கரைத்து வெளியேற்றும். ரோமாபுரியின் மண்ணோ நுண்ணிய களிமண். அது வாங்கித் தன்னுள் வைத்துக்கொள்ளும். அதற்கு நெருங்கிய உறவு, நம் நாட்டுமருந்துக் கடைகளில் முகத்துக்குப் பூசுவதற்கென்று விற்கும் முல்தானி மட்டியே. நாற்றத்தின் விஷயத்தில் கரைக்கும் மண்ணைவிட வாங்கும் மண்ணுக்கே மதிப்பு அதிகம்.

இந்த வாங்கும் மண் இங்கிலாந்தில் சர்ரே, பெட்போர்டுஷயர் பிரதேசங்களில் ஏராளமாகக் கிடைத்தது. கம்பளி நெசவே அத்தேசத்தின் செல்வமாக இருந்த நாட்களில், நெய்த கம்பளியின் எண்ணெயைப் போக்க இம்மண் இன்றியமையாததாகையால், 1662-இல் இரண்டாம் சார்லஸ் அரசர் காலத்துச் சட்டமொன்று, ஆட்டையும் கம்பளியையும் போலவே இம்மண்ணையும் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்று தடுத்தது. தேசத்தின் மண்ணைக் களவாகக் கப்பலேற்றுவதும் குற்றமாயிற்று என்பதிலிருந்து அதன் மதிப்பை உணரலாம். அந்நாளைய ஆங்கில இல்லத்தரசிகள் கம்பளத்திலும் பட்டிலும் எண்ணெய் சிந்தினால், இம்மண்ணைக் குழைத்துப் பூசி, உலர்ந்தபின் தட்டிவிடுவது வழக்கம்.

மண்ணுக்கு நாற்றத்தை வாங்கும் சக்தி மாத்திரமன்றி அதை அழிக்கும் சக்தியும் உண்டென்று மெய்ப்பித்துக் காட்டியவர் விஞ்ஞானியல்லர், ஒரு பாதிரியார். டார்செட் பிரதேசத்தில் ஃபோர்டிங்டன் என்னும் ஊரில் ஊழியம் புரிந்த ஹென்றி மௌல், காலரா தம் ஊரை 1849-லும் 1854-லும் சூறையாடியதைக் கண்ணால் கண்டவர். 1859-இல் தம் வீட்டு மலக்குழியை மூடிவிட்டு, வாளியில் வந்ததையெல்லாம் தோட்டத்தில் அகழ்ந்த பள்ளங்களில் மண்ணோடு கலந்து புதைக்கச் செய்தார். சில வாரம் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது அங்கே மலத்தின் அடையாளமே காணப்படவில்லை. உலர்ந்த மண் எல்லாவற்றையும் மண்ணாகவே ஆக்கிவிட்டிருந்தது. அடுத்த ஆண்டே, பிடியை இழுத்தால் அளவாக உலர்மண் விழும் கழிப்பிடத்துக்கு அவர் காப்புரிமை பெற்றார். ஆங்கிலக் கிராமங்களிலும் படை முகாம்களிலும் ஆஸ்பத்திரிகளிலும், இந்தியாவில் பரவலாகவும், அம்முறை கையாளப்பட்டது. மண்ணிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்கின்றன என்பது பின்னால் விளங்கிற்று. பாதிரியார் கண்டதைப் பூனை அவருக்கு முன்னமே அறிந்திருந்தது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பியப் பூனையின் ஸ்திதி மாறியது. எலி பிடிக்கும் வேலைக்காரியாகக் களஞ்சியத்திலும் சமையற்கட்டின் புறத்திலும் இருந்தது, செல்லப் பிராணியாக வரவேற்பறைக்குள் வந்தது. 1871 ஜூலையில் லண்டன் கிறிஸ்டல் பாலஸில் ஹாரிசன் வியர் என்பவர் ஏற்பாடு செய்த பூனைக் கண்காட்சி அந்த மாறுதலுக்கு ஒரு சின்னம். ஆயினும் கழிப்பதற்கு அது வெளியே போய்க்கொண்டுதானிருந்தது. பனிக்காலத்தில் வெளியே விட இயலாதபோது ஒரு பெட்டியில் மணலோ, மரத்தூளோ, கிழித்த செய்தித்தாளோ, அடுப்புச் சாம்பலோ இட்டு வைத்தார்கள். மணல் ஈரத்தை அடியில் தேக்கும், நாற்றத்தை வாங்காது. காகிதம் ஊறிப்போகும். சாம்பல் ஓரளவு வாங்கும். ஆனால் பூனையின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு வீடு முழுவதும் கரிய தடம் பதிக்கும். நகரத்து வீட்டில் பூனை வளர்ப்பதென்றால் நாற்றத்தோடு வாழ்வதென்றே அர்த்தம். அதனால் பூனை வேண்டாமென்று இருந்தவர் எத்தனையோ பேர்.

1947-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள காஸோபொலிஸ் என்னும் சிற்றூரில் கடும் பனி. கடற்படைச் சேவையிலிருந்து திரும்பிய 26 வயது இளைஞர் எட்வர்டு லோ, தம் தகப்பனாரின் வியாபாரத்தில் துணைநின்று கொண்டிருந்தார். மணல், மரத்தூள் முதலிய, தொழிற்சாலைத் தரையில் எண்ணெய் சிந்தினால் உறிஞ்சும் பொருள்களை விற்பது அவர்கள் தொழில். அதற்கென்று சுட்டு உலர்த்தி மணிமணியாக உடைத்த களிமண்ணும், அதாவது பழைய வண்ணார் மண்ணும், அவர்களிடம் இருப்பு இருந்தது. கோழிப் பண்ணைக்காரர்களிடம் கூட்டில் பரப்பும்படி அதைச் சொல்லிப் பார்த்தார்; அவர்கள் ஏற்கவில்லை. அந்தச் சமயத்தில் அண்டை வீட்டு அம்மையார் ஒருவர் அவரிடம் வந்து, தம் பூனைப் பெட்டிக்கு இடும் மணற்குவியல் பனியில் உறைந்து பாறையாகிவிட்டது, சாம்பல் இட்டால் வீடெல்லாம் கால்தடம், கொஞ்சம் மணல் கிடைக்குமா என்று கேட்டார். லோ மணலுக்குப் பதிலாக அந்தக் களிமண்ணைக் கொடுத்து, இதைப் பாருங்கள் என்றார். சில நாட்களில் அந்த அம்மையார் மறுபடியும் வந்தார். இனி வேறெதுவும் வேண்டாம், இதுவே வேண்டுமென்றார். அவர் தோழியரும் கேட்டனுப்பினார்கள்.

நூற்றாண்டுகளாகக் கம்பளிக்கு உரியதாயிருந்த மண், பூனைக்கும் உரியதென்று அன்று தெரியவந்தது. லோ பத்துப் பைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து பவுண்டு மண்ணைக் கொட்டி, கையாலேயே கிட்டி லிட்டர், அதாவது பூனைக்குட்டிப் படுகை, என்று எழுதி, செல்லப் பிராணிகள் விற்கும் கடைக்குக் கொண்டுபோனார். பை ஒன்றுக்கு 65 சென்டு விலை. மணல் அதைவிடப் பன்மடங்கு மலிவாகக் கிடைக்கையில் மண்ணுக்கு யார் அவ்வளவு கொடுப்பார் என்று கடைக்காரர் ஐயுற்றார். அப்படியானால் இலவசமாகக் கொடுங்கள் என்றார் லோ. கொடுத்தார்கள்; வாங்கிச் சென்றவர்கள் காசோடு திரும்பி வந்தார்கள். அதன்பின் லோ ஊர் ஊராகக் காரில் மண் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, பூனைக் கண்காட்சி நடக்கும் இடமெல்லாம் போய், அங்குள்ள பூனைப் பெட்டிகளைத் தம் கையால் துப்புரவு செய்து தருகிறேன், பதிலுக்கு என் மண்ணைப் பரப்ப இடம் கொடுங்கள் என்று கேட்டு வியாபாரத்தை வளர்த்தார். ஒரு மனிதன் தன் சரக்கை எவ்வளவு நம்பினால் இந்த வேலைக்குத் துணிவான் என்பதை எண்ணும்போது எனக்கு அவர்மேல் பெருமதிப்பு உண்டாகிறது. 1964-இல் அவர் டைடி கேட் என்னும் பெயரில் மளிகைக் கடைகளுக்கென்று வேறொரு சரக்கையும் இறக்கினார். 1990-இல் அவர் தம் நிறுவனத்தை விற்றபோது கிடைத்த விலை சுமார் 20 கோடி டாலர். 1995-இல் காலமானார்.

லோவின் மண் அந்த அளவுக்குப் பரவியதற்கு அவர் முயற்சி மாத்திரம் காரணமன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க வீடுகளில் நிலக்கரி அடுப்புகள் ஒழிந்து எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. சாம்பல் கிடைப்பது நின்றது. மாடி வீடுகளில் குடியேறியவர்களுக்குத் தோட்டம் கிடையாது. பூனை வெளியே போக வழியில்லை. உள்ளே மண் வரவேண்டும். வந்தது. பகலெல்லாம் வெளியே திரிந்து இரவில் திரும்பிய பிராணி, முழுநேரமும் வீட்டுக்குள்ளேயே வாழலாமென்று ஆனது இந்த மண்ணினால்தான் என்று சொல்வதில் மிகையேதுமில்லை. பின்னர் 1980-களில் தாமஸ் நெல்சன் என்னும் உயிர் ரசாயன நிபுணர், ஈரம் பட்டால் பன்மடங்கு உப்பிக் கட்டியாக இறுகும் பெண்டனைட் களிமண்ணை இதற்குப் பயன்படுத்தலாமென்று கண்டார். அதனால் நனைந்த பகுதியை மட்டும் கட்டியாக அள்ளி எறிய முடிந்தது. பாட்டி கொட்டாங்கச்சியால் ஊறிய மண்ணை மட்டும் சுரண்டி எடுத்ததும் இதே தர்க்கம்தான்.

இனி அந்த நாற்றம் ஏன் அவ்வளவு பிடிவாதமானது என்பதைப் பார்க்கவேண்டும். சிறுநீரிலுள்ள யூரியா புத்தம்புதிதாக இருக்கையில் வாடையற்றது. தரையிலும் துணியிலும் வாழும் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்னும் நொதியைச் சுரந்து அதைப் பிளக்கும்போதுதான் அம்மோனியா எழுகிறது. இந்த யூரியேஸை 1926-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜேம்ஸ் சம்னர், நம் தம்பட்டங்காய்க்கு உறவான ஓர் அவரையின் மாவிலிருந்து பளிங்குத் துகளாகப் பிரித்தெடுத்தார். நொதியொன்று பளிங்காகப் பிரிக்கப்பட்டது உலகத்தில் அதுவே முதல் தடவை. அதற்காக 1946-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வேட்டையின்போது சிறுவயதிலேயே இடக்கையை இழந்து, ஒற்றைக் கையோடு ஆராய்ச்சி செய்தவர் அவர்.

அம்மோனியா எல்லாப் பிராணிகளுக்கும் பொது. காற்றில் கலந்து போய்விடக்கூடியது. பூனைக்கே உரியது வேறொன்று. 1953-இல் ரோலண்டு வெஸ்டால் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர், பூனையின் சிறுநீரில் கந்தகம் அடங்கிய ஒரு புதிய அமினோ அமிலத்தைக் கண்டுபிடித்தார். பூனை இனத்தின் லத்தீன் பெயரையொட்டி அதற்கு ஃபெலினின் என்று பெயர். விதையடிக்காத கடுவன் பூனையிடம் அது மிகுதி. அதுவும் முதலில் வாடையற்றதே. மெல்ல மெல்லச் சிதைகையில் கந்தக நெடி கொண்ட சிறு மூலக்கூறுகள் வெளிப்படுகின்றன. அந்தக் கந்தகச் சேர்மம் மிகச் சிறிய அளவிலேயே மனித மூக்குக்கு எட்டும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய அறிஞர் மசாவோ மியாசாகியும் அவர் கூட்டாளிகளும், பூனையின் சிறுநீரகத்தில் காக்ஸின் என்னும் புரதம் ஃபெலினினை உண்டாக்கத் துணைசெய்கிறது என்று விளக்கினார்கள். ஆகப் பூனையின் நாற்றம் கழிவினால் தற்செயலாக எழும் நாற்றமன்று. இது என் எல்லை என்று பிற பூனைகளுக்கு அது எழுதிவைக்கும் கடிதம். எழுதியது நாள்பட நிற்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். பஞ்சிலும் மரத்திலும் ஊறிய ஃபெலினின் ஈரம் கிடைக்கும்போதெல்லாம் மறுபடியும் சிதைந்து மணக்கும்; எங்கள் மெத்தை மழைக்காலத்தில் மணந்ததற்கு அதுவே காரணம்.

இதைப் புரிந்துகொண்டால் வாசனையால் மூடும் முறை ஏன் பலிக்காது என்பது தெளிவாகும். சாம்பிராணிப் புகையும் அத்தரும் ஊதுவத்தியும் மூக்கை ஒரு நாழிகை ஏமாற்றும். ஊறியிருப்பதை அவை தொடுவதேயில்லை. அம்மோனியா கலந்த கழுவு நீரை விடுவது இன்னும் மோசம். பூனைக்கு அது மற்றொரு பூனையின் கடிதமாகவே தோன்றி, அதன்மேல் தன் கடிதத்தையும் எழுதிவிடும். சலவைத் தூளை, அதாவது பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர்க் கறைமேல் தூவுவோரும் உண்டு. அது அபாயகரமான செய்கை. அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்தால் நுரையீரலைச் சுடும் நச்சு வாயு எழும். மூடிய குளியலறையில் அதனால் பெருந்தீங்கு விளையலாம்.

மூன்றாவது உபாயம் பிளக்கும் உபாயம். ஜெர்மனியின் ஓட்டோ ரோம், கால்நடைகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைத் துணி துவைக்கும் தூளில் சேர்க்கலாமென்று 1913-இல் காப்புரிமை பெற்றார். தோல் பதனிடும் ஆலைகளுக்காக நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது அவருக்கு அந்த எண்ணம் உதித்தது. அரை நூற்றாண்டு கழித்து, பாக்டீரியாக்களிலிருந்து நொதிகளைப் பெருமளவில் தயாரிக்கும் வழி பிறந்தபோதுதான் அது வீடுகளுக்கு வந்தது. இன்று பூனைக் கறைக்கென்று விற்கும் திரவங்களில் நொதிகளோ அவற்றைச் சுரக்கும் பாக்டீரியாக்களோ இருக்கின்றன. அவற்றை ஊற்றித் துடைத்துவிட்டால் பயனில்லை. சிறுநீர் எவ்வளவு தூரம் ஊறிற்றோ அவ்வளவு தூரம் நனையும்படி ஊற்றி, ஈரம் காயாமல் பல மணி நேரம் விட்டுவைத்து, பிறகு தானாக உலரவிட வேண்டும். அவசரக்காரருக்கு இது உதவாது. கறை எங்கே என்று தெரியாவிட்டால், ராபர்ட் வுட் என்னும் அமெரிக்கப் பௌதிக அறிஞர் 1903-இல் அமைத்த கண்ணாடி வடிகட்டியின் வழிவந்த கருநீல விளக்கை இருட்டில் காட்டினால், உலர்ந்த சிறுநீர் வெளிறிய மஞ்சளாக ஒளிவிடும்.

இவ்வளவு கண்டுபிடிப்புகளுக்குப் பிறகும் என் அபிப்பிராயம் மாறவில்லை. கறையைத் துடைக்கும் வித்தையைவிட, கறை விழாமல் மண்ணை அண்மையில் வைப்பதே மேல். நம் ஊர்களிலும் இப்போது மண்தரை அருகிவிட்டது. ரேழியும் திண்ணையும் போய், பளிங்குத் தரையும் சுவரோடு ஒட்டிய மெத்தை நாற்காலியும் வந்துவிட்டன. பூனை மட்டும் பழைய பூனையாகவே நான்காம் மாடியில் மண்ணைத் தேடி அலைகிறது. மெத்தையின் மென்மை அதன் பாதத்துக்கு இளகிய மண்போலத் தோன்றுவதில் அதன் குற்றம் என்ன இருக்கிறது? கடையில் விற்கும் அயல்நாட்டு மூட்டை கட்டுப்படியாகாதவர்கள், அகலமான தட்டொன்றில் மூன்று விரற்கடை உயரத்துக்கு நன்றாக உலர்ந்து சலித்த தோட்டத்து மண்ணை நிரப்பி, ஆள் நடமாட்டமில்லாத மூலையில், சாப்பிடும் கிண்ணத்துக்குத் தூரமாக வைத்துப் பாருங்கள். நனைந்த மண்ணை நாள்தோறும் அள்ளி எறிந்து, வாரந்தோறும் முழுவதும் மாற்றுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும்; பூனையின் மலத்தால் பரவும் ஒரு நோய் சிசுவைப் பாதிக்கக்கூடும். மண் வைத்தும் திடீரென்று பூனை கண்ட இடத்தில் கழிக்கத் தொடங்கினால் அதை அடிக்காதீர்கள். அடி அதற்கு எதையும் கற்பிக்காது. மறைவிடத்தைத் தேடவே வைக்கும். பல சமயங்களில் அது சிறுநீர்ப்பை நோயின் அறிகுறி. கடுவன் பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சொட்டும் வராமலிருந்தால், அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். ஓரிரு நாள் தாமதித்தாலும் அது பிழைக்காமல் போகலாம்.